லைன் வீட்டின் பூர்வீகம்

தாம்பரம், சேலையூர், வண்டலூர், மறைமலை நகர் என்று சென்னைப் புறநகர் நெடுகிலும் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: லைன். ‘எங்க யூனிட் லைன்’, ‘ஃபேமிலி லைன்ல வீடு கிடைச்சது’, ‘ரோல்காலுக்கு முன்னாடி லைனுக்குத் திரும்பிடணும்’. கேட்பவர்கள் பலர் இதைச் சண்டைக்களத்தின் எல்லைக்கோடு என்று நினைத்துக்கொள்வார்கள். அது இல்லை. சிப்பாய் தூங்கி எழும் இடத்துக்குத்தான் ராணுவத்தில் லைன் என்று பெயர். அவர் படுத்திருந்த நீளக் கூடம் பாரக். பாரக்குகள் வரிசையாக நிற்கும் வட்டாரம் லைன்.

ஒரு மிலிட்டரிக்காரரின் நினைவில் போரைவிட அதிகமாகத் தங்கியிருப்பது இந்த லைன் வாழ்க்கைதான். போர் சில வாரம்; லைன் பதினைந்து, இருபது வருஷம். கூடத்தின் இரு பக்கமும் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கம்பு நட்டுக் கட்டிய கொசுவலை. பகலில் அந்த வலையை எல்லாரும் ஒரே மாதிரி சுருட்டி மேலே போட்டிருக்க வேண்டும். கட்டிலுக்கடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். பதவி உயர்வு வந்தால் ரேங்கை மட்டும் கறுப்படித்து மறைத்து மேலே புதிதாக எழுதுவார்கள். இருபது வருஷம் ஓடிய பெட்டியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பெயின்ட் மேடு தட்டியிருப்பது தெரியும். புறநகர் வீடுகளில் இன்றும் அந்தப் பெட்டி பரண்மேல் இருக்கிறது. குளிர்காலப் போர்வையோ பேரப்பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகமோ உள்ளே இருக்கும்.

அந்தக் கூடத்துக்கென்றே ஒரு சொற்களஞ்சியம் உண்டு. சமையற்கூடத்துக்கு லங்கர் என்று பெயர். சிப்பாய்கள் சேர்ந்து செய்யும் கூலியில்லா வேலை ஃபெட்டிக். கண்ணாடி உடைந்தாலோ பல்பு காணாமல் போனாலோ சம்பளத்தில் பிடிப்பது பாரக் டேமேஜ். பித்தளைப் பட்டனுக்கு பிராஸோ போடும்போது துணியில் கறை படாமலிருக்க நடுவில் பிளவுள்ள தகடு ஒன்றைப் பட்டனுக்கடியில் செருகுவார்கள். சாயங்காலம் ரோல்கால், மறுநாள் உத்தரவு, பிறகு விளக்கணைப்பு. வாசலில் குவார்ட்டர் கார்டு. அங்கே தொங்கும் கண்டாமணியைக் காவல் சிப்பாய் மணிக்கொரு தரம் அடிப்பார். பஞ்சாபிலோ அசாமிலோ போய் இறங்கிய தமிழ்ப் பையன்களுக்கு அந்த மணியோசைதான் ஊர்க் கோயில் மணிக்குப் பதிலாக இருந்தது.

பாரக் என்ற சொல்லின் வரலாறு குட்டையானது. ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் குடிசை, கூடாரம் என்ற பொருளில் இருந்தது, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து படைவீரர் தங்கும் கட்டடம் ஆயிற்று. லைன் கதை அப்படியல்ல. லத்தீனில் லீனும் என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் லீனியா. நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதெல்லாம் லைன். நூல் பிடித்து நட்ட கூடாரங்கள், நூல் பிடித்துப் போட்ட குடிசைகள் என்று படைக்குள் அது நுழைந்தது. இந்தியாவில் அதற்கு ஒரு தனிப் பொருள் ஏறியது. அந்தப் பொருளுக்குள்தான் ஒரு சமூக வரலாறே அடங்கியிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் பாரக் வெள்ளைச் சிப்பாய்க்கு, லைன் இந்தியச் சிப்பாய்க்கு. சென்னைக் கோட்டைக்குள் கிங்ஸ் பாரக்ஸ் என்று நிற்கிற பெரிய கட்டடம் வெள்ளைக்காரப் படைக்குக் கட்டியது. நம்மவர்களுக்குச் சர்க்கார் கட்டடம் கட்டித் தரவில்லை. பரேடு மைதானத்தின் ஓரத்தில் இடத்தை அளந்து காட்டிவிடும். குடிசை போட்டுக்கொள்ள ‘ஹட்டிங் மணி’ என்று ஒரு படி கொடுக்கும். மண்ணைக் குழைத்துச் சுவர் வைப்பதும், மூங்கிலும் ஓலையும் கொண்டு கூரை போடுவதும் சிப்பாயின் பொறுப்பு. கம்பெனி வாரியாகத் தெருத்தெருவாக அந்தக் குடிசைகள் நிற்கும். அதுதான் சிப்பாய் லைன்.

மதராஸ் படைக்கு இதில் இன்னொரு தனித்தன்மை இருந்தது. இங்கே சிப்பாய்கள் குடும்பத்தோடு லைனில் இருந்தார்கள். மனைவி, பிள்ளைகள், வயதான தாய் எல்லாரும் உண்டு. பட்டாளம் இடம் மாறினால் குடும்பங்களும் கூடவே நடந்தன. ஆகவே மதராஸ் லைன் பாதி படைமுகாம், பாதி ஊர். அடுப்பு எரிந்தது, தொட்டில் ஆடியது, ஆட்டுக்கல் உருண்டது. தமிழ்ப் பெண்களும் பிள்ளைகளும் வாழ்ந்த இடம் என்பதால்தான் அந்த இங்கிலீஷ் சொல் உத்தியோகச் சொல்லாக நின்றுவிடாமல் வீட்டுச் சொல்லாகத் தமிழில் இறங்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆண்கள் மட்டும் தங்கிய பாரக் தமிழில் அவ்வளவு ஆழமாக வேர்விடவில்லை.

பாரக்குக்கும் லைனுக்கும் இருந்த தூரத்தை வேலூரில் கண்ணால் பார்க்கலாம். 1806-இல் கோட்டையில் சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்களும், 69-ஆம் ரெஜிமென்டின் நான்கு கம்பெனி வெள்ளைச் சிப்பாய்களும் இருந்தார்கள். குடும்பக்காரச் சிப்பாய்களின் குடிசைகள் மதிலுக்கு வெளியே. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகளால் மனம் கொதித்திருந்த நேரம். ஜூலை 10 விடியலில் அணிவகுப்பு என்பதால் முந்தின இரவு பெரும்பாலான சிப்பாய்களைக் கோட்டைக்குள்ளேயே தங்கச் சொன்னார்கள். நள்ளிரவு கழிந்ததும், பாரக்கில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளையர்கள்மீது துப்பாக்கிகள் வெடித்தன. வேலூர்ப் புரட்சியைப் படிக்கும்போது தலைப்பாகையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். மதிலுக்கு வெளியே ஓலைக் குடிசைகளில் அன்றிரவு காத்திருந்த பெண்களைப் பற்றி ஒரு வரி பேசுவதில்லை. அவர்களும் அந்தப் படையின் பகுதிதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். பரங்கிமலை மதராஸ் பீரங்கிப்படையின் தலைமையிடமாக இருந்தது. அடுத்து பல்லாவரம். ஜமீன் பல்லாவரம், ஈசா பல்லாவரம், பழைய பல்லாவரம் என்று பல பல்லாவரங்கள் இருக்க, நடுவில் கன்டோன்மென்ட் பல்லாவரம் என்று ஒன்று இன்றும் பேச்சில் நிற்கிறது. பல்லவர் பெயரும் பிரெஞ்சிலிருந்து வந்த ஒரு படைச் சொல்லும் ஒரே பஸ் நிறுத்தத்தில் சேர்ந்திருக்கின்றன. 1863 மே 30-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்குக் காட்டிய கற்கருவியைக் கண்டெடுத்ததும் இந்தப் பல்லாவரத்தின் பரேடு மைதானப் பக்கத்துச் சரளைக் குழியில்தான்.

அதே 1863-இல் வெளிவந்த இன்னொன்று நம் விஷயத்துக்கு நெருக்கமானது: இந்தியாவில் இருந்த படையின் சுகாதாரம் பற்றிய ராயல் கமிஷனின் அறிக்கை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அதற்காகக் கடுமையாக உழைத்தார். வெள்ளைச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள் என்றது அது. குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் காலராவிலும் சீதபேதியிலும் காய்ச்சலிலும் போனவர்களே மிகுதி. காற்றோட்டம், உயரமான கூரை, சுற்றிலும் தாழ்வாரம், ஆளுக்கு இவ்வளவு இடம் என்று பாரக் கட்டுவதற்கு ஒரு புது இலக்கணம் அதன்பின் உருவானது. பழைய கன்டோன்மென்டுகளில் நாம் பார்க்கிற உயர்ந்த ஓட்டுக்கூரைக் கூடங்கள் இந்தப் பயத்தில் பிறந்தவை. லைனில் இருந்தவர்களோ வெகுகாலத்துக்கு மண்சுவரும் ஓலையுமாகவே இருந்தார்கள்.

லைன் கடல் தாண்டியது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுக்கு மதராஸ் காலாட்படை காவல் போனபோது கூடவே இந்தச் சொல்லும் போனது. சிங்கப்பூரில் அவுட்ரம் பக்கம், பொது மருத்துவமனை இருக்கும் இடத்துக்கு சிப்பாய் லைன்ஸ் என்று பெயர். சீனர்கள் ‘சிப்பாய்’ என்பதைத் தங்கள் நாவுக்கு ஏற்ப ‘சி பாய்’ என்று ஆக்கி, திடல் என்ற பொருள்படும் ‘போ’வைச் சேர்த்து அழைத்தார்கள். பினாங்கிலும் சிப்பாய் லைன்ஸ் சாலை உண்டு. குடிசைகளும் சிப்பாய்களும் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் பெயர் அங்கேயே நிற்கிறது.

ஆனால் இந்தச் சொல்லின் மிகப் பெரிய, மிகத் துயரமான பயணம் இலங்கை மலைநாட்டுக்குப் போனதுதான். 1830-களில் அங்கே காப்பித் தோட்டம் போடக் காடுகளை வாங்கியவர்களில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த மக்களுக்கு இருப்பிடம் வேண்டும். அதிகாரிகளுக்குத் தெரிந்த மலிவான வடிவம் ஒன்று கைவசம் இருந்தது: ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, அதில் ஒரு குடும்பம். ‘கூலி லைன்’ என்று கணக்கில் எழுதினார்கள். குடியிருந்தவர்கள் லயன் என்றார்கள், பிறகு லயம் என்றார்கள். அறைக்குப் போர்த்துகீசியச் சொல் ஒட்டி, லயக் காம்பரா ஆயிற்று. காப்பி போய்த் தேயிலை வந்தது, வெள்ளைக்காரன் போனான், லயம் போகவில்லை. பேரன் கொள்ளுப்பேரன் வரை அதே அறையில் பிறந்து அதே அறையில் இறந்தார்கள்.

குதிரை கட்டும் லாயம்தான் லயம் ஆனது என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் கோபம் நியாயமானது. மனிதரை அடைத்த விதம் அப்படி. ஆனால் சொல் பிறந்த வழி அது இல்லை என்றே நினைக்கிறேன். தோட்டத்தில் இன்னொரு சொல் இதற்குச் சாட்சி சொல்கிறது. விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் பதிந்து வேலை பிரித்துக் கொடுப்பதை மலைநாட்டில் பிரட்டு என்பார்கள், மலேசியத் தோட்டங்களில் பெரட்டு. அது நடக்கும் இடம் பெரட்டுக் களம். பரேடு என்ற படைச் சொல்தான் அது. லைனும் பரேடும் ஜோடியாகவே முகாமிலிருந்து தோட்டத்துக்கு வந்திருக்கின்றன. சிப்பாய்க்குச் சம்பளமும் பென்ஷனும் இருந்தன. தோட்டத்து மக்களுக்கு அந்த ஒழுங்கின் கெடுபிடி மட்டும் வந்து சேர்ந்தது.

லயன் எப்படி லயம் ஆகும்? தமிழில் அஃறிணைப் பெயர் ‘அம்’ என்று முடிவதை நாக்கு விரும்புகிறது. வெளிச்சொல் வந்தால் அந்த அச்சில் வார்த்துக்கொள்ளும். போர்த்துகீசியரின் லெய்லாவ் ஏலம் ஆனது அப்படித்தான். பட்டாளம் என்ற சொல்லையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலீஷ் பட்டாலியன் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்; ஏலத்தின் தோற்றத்தை வைத்துப் பார்த்தால் போர்த்துகீசிய பட்டால்யாவ் இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கடற்கரையில் இங்கிலீஷ்காரனுக்கு முன்னால் படையோடு வந்தவன் அவன்தானே. சென்னையில் பட்டாளம் என்று ஒரு பேட்டைக்கே பெயர் இருக்கிறது, வீட்டில் நாலு பிள்ளைகள் ஓடினால் ‘பிள்ளைப் பட்டாளம்’ என்கிறோம். இவ்வளவு நெருங்கிவிட்ட ஒன்றை வேற்றுச்சொல் என்று இனி யார் சொல்வது?

உள்நாட்டில் லைன் பரவியதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. படையிலிருந்து போலீசுக்குப் போய் ஊருக்கு ஊர் போலீஸ் லைன் வந்தது. கோவை, திருப்பூர் பக்கம் மில் தொழிலாளர் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகள் லைன் வீடு. ஒரே கூரை, தனித்தனிக் கதவு, பொதுக் குழாய், கோடியில் பொதுக் கழிப்பறை. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இதில் பட்டாளத்தின் நினைப்பே இல்லை; ஆனால் அந்தத் தாழ்வாரத்தின் நீளத்தில் பழைய முகாமின் அமைப்பு அப்படியே இருக்கிறது.

சரி, இங்கிலீஷ்காரன் வருவதற்கு முன்னால் தமிழனுக்குப் படை இல்லையா, படை தங்க இடம் இல்லையா? இருந்தது, பெயர்களும் இருந்தன. பாசறை, பாளையம், படைவீடு, பாடி. பாசறையை இன்று அரசியல் கட்சிகள் இளைஞர் அணிக்கு வைத்துக்கொண்டன. பாளையம் ஊர்ப்பெயர்களில் உறைந்துவிட்டது. படைவீடு முருகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பாடிக்கு நடந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. வால்பாறையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை மக்கள் லயம் என்பதில்லை, பாடி என்கிறார்கள். ‘எந்தப் பாடி?’ என்றுதான் ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். படை தங்கும் இடத்துக்கும் சிற்றூருக்கும் பழந்தமிழ் வைத்த அதே பெயர்தான் இது என்று நான் கொள்கிறேன். நுவரெலியாவில் இங்கிலீஷ் படைச்சொல், வால்பாறையில் தமிழ்ப் படைச்சொல். சுட்டும் பொருள் ஒன்று, அதனுள் வாழ்ந்த வாழ்க்கையும் ஒன்று.

பாடி என்றதும் முல்லைப்பாட்டு நினைவுக்கு வரவேண்டும். பத்துப்பாட்டில் ஆகச் சிறியது, 103 அடி, நப்பூதனார் பாடியது. அதன் பெரும்பகுதி ஒரு படைமுகாமின் அன்றாடம். காட்டை வெட்டி முள்வேலி போட்டு விரிந்த பாடி. தழை வேய்ந்த குடில்கள் நீளும் தெரு. அதாவது லைன். தெருக்கள் கூடும் இடத்தில் யானை. நாழிகைக் கணக்கர் பொழுதளந்து அரசனுக்குச் சொல்கிறார்கள். குவார்ட்டர் கார்டு மணியடிப்பவரின் மூதாதையர் அவர்கள். மெய்காவலுக்கு யவனர், வாய் பேசாமல் கையசைத்துப் பேசும் மிலேச்சர். இளம்பாகர்கள் யானையை அதட்டுவது வடமொழிச் சொற்களால். இரண்டாயிரம் வருஷம் பழைய முகாமிலும் ஒற்றை மொழி இல்லை.

இந்தப் பாட்டை எடுத்து நவீன முறையில் ஆராய்ந்து 1903-இல் ‘முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை’ எழுதியவர், அப்போது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த நாகை வேதாசலம். 1911-இல் கல்லூரி வேலையை விட்டபின் அவர் குடிபோன இடம் பல்லாவரம். 1916 வாக்கில் அவருடைய வீட்டில்தான் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது. வேதம் மறையாக, அசலம் மலையாக, வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். 1950-இல் மறையும்வரை பல்லாவரமே அவர் இடம். அவர் பெயரைத்தான் நம் மறைமலை நகர் சுமக்கிறது. பாசறைப் பாட்டுக்கு உரை எழுதியவர் கன்டோன்மென்ட் ஊரில் வாழ்ந்தார், லைன் என்றும் பரேடு என்றும் பேசும் தெருக்களுக்கு நடுவே தூய தமிழை வளர்த்தார். அவருக்குத் தமிழன் பட்ட கடன் பெரிது. பாடி, பாசறை என்ற சொற்களின் அருமையை நாம் உணர்வதே அவரைப் போன்றவர்கள் பழைய ஏடுகளைத் திறந்து காட்டியதால்தான். ஆனாலும் லைனை வெட்டி எறியச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். வேலூர் மதிலுக்கு வெளியே இருந்த குடிசையும், லயக் காம்பராவில் வளர்ந்த பிள்ளையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள். பாசறை என்று மாற்றி எழுதினால் அவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள்.

குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் இருக்கிறது. 1850-களில் வெள்ளைச் சிப்பாய்களின் உடல்நலத்துக்காக மலைக்காற்றில் கட்டிய பாரக் அது. 1947-இல் மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் அங்கே வந்தது. இந்தியர்களுக்கு இல்லை என்று கட்டிய கூடங்களில் நம் பையன்கள் படுத்தெழுந்து பயின்றார்கள். 1955 முதல் 1957 வரை தலைமைத் தளபதியாக இருந்த ஸ்ரீநாகேஷின் பெயர் இன்று அந்தப் பாரக்குக்கு. பாரக்குக்குள் போன பிறகும் அவர்கள் தங்கள் இடத்தை லைன் என்றே சொல்லிவந்தார்கள். மைதானத்தில் கட்டளை ‘சாவ்தான், விஷ்ராம்’ என்று இந்தியில் வரும். முல்லைப்பாட்டு யானைப்பாகனைப் போலத் தமிழ்ப் பையன் அதைச் சில வாரத்தில் பழகிக்கொள்வான். கூடவே மலையாளி, தெலுங்கர், கன்னடர். துப்பாக்கி முனையில் கத்தி செருகிப் பாயும்போது மட்டும் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துவது, ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!’